நிறுத்த இடம் எங்கே? மட்டக்களப்புக்கு வாடகை மின் ஸ்கூட்டர் வருமுன் கேட்க வேண்டியவை

2023 ஏப்ரல் 2ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாரிஸ் நகர மக்களிடம் ஒரேயொரு கேள்வி கேட்கப்பட்டது: வாடகை மின் ஸ்கூட்டர்கள் நகரத்தில் இருக்கலாமா, வேண்டாமா? வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 89 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். அந்த ஆண்டு ஓகஸ்ட் மாதம் முடிவதற்குள் மூன்று நிறுவனங்களுக்குச் சொந்தமான சுமார் 15,000 ஸ்கூட்டர்களும் பாரிஸ் தெருக்களிலிருந்து அகற்றப்பட்டன. நம்மிடையே இந்தச் செய்தி “பாரிஸே அதைத் துரத்திவிட்டது” என்ற ஒரு வரியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. அந்த ஒரு வரிக்குள் அடங்காத விடயங்கள் பல உண்டு. பதிவுசெய்யப்பட்ட ஏறத்தாழ 13 இலட்சத்து 80 ஆயிரம் வாக்காளர்களில் அன்று வாக்களிக்க வந்தவர்கள் சுமார் 1 இலட்சத்து 3 ஆயிரம் பேர் மட்டுமே. அதாவது நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவு. பிரெஞ்சுக் குடிமக்களும் வாக்காளர் பட்டியலில் இருந்த ஏனைய ஐரோப்பிய ஒன்றிய நாட்டவர்களும்தான் வாக்களிக்க முடிந்தது. பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பகுதியில் கடை வைத்திருந்து இன்னும் குடியுரிமை கிடைக்காத நம்மூர்க்காரர் ஒருவருக்கு, அவர் கடை வாசலில் ஸ்கூட்டர் விழுந்து கிடந்திருந்தாலும் சரி, விடியற்காலை வேலைக்கு அவரே அதில்தான் போய்வந்திருந்தாலும் சரி, அன்று வாக்கு இருக்கவில்லை.

பாரிஸ் மக்களின் முடிவு பிழையென்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து ஆண்டுகள் அந்த வண்டிகளோடு வாழ்ந்து பார்த்தவர்கள் சொன்ன பதில் அது. அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் எத்தனை பேர், யார் யார், எந்தக் கேள்விக்கு அந்தப் பதிலைச் சொன்னார்கள் என்று பாராமல் அதை அப்படியே தூக்கிக்கொண்டுவந்து மட்டக்களப்பில் வைக்க முடியாது. ஒஸ்லோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, இங்கே ஏன் இது இல்லை என்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்கிறார்கள். பெரியவர்களிடம் அதற்கு உடனடிப் பதில் ஒன்று தயாராக இருக்கிறது: “இந்த றோட்டிலயா?” இரண்டு பக்கமும் இன்னும் கருத்தாக உருவாகவில்லை. அது உருவாகுமுன்னரே எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும் என்பதை யோசித்துவைப்பது நல்லது என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

முதலில் இந்தச் சேவை என்னவென்று தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ‘மின் ஸ்கூட்டர்’ என்றவுடன் நம்மூரில் எல்லோருக்கும் நினைவில் வருவது ஸ்கூட்டிதான். வெளிநாட்டு நகரங்களில் விவாதத்துக்குள்ளான வண்டி வேறு. ஒரு பலகையில் நின்றுகொண்டு, முன்னால் உள்ள கைபிடியைப் பிடித்து ஓட்டும், இரண்டு சிறு சக்கரங்களைக் கொண்ட வண்டி அது. 2017 செப்டெம்பரில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் உள்ள சாந்தா மொனிக்கா நகரில் ஒரு நிறுவனம் இவற்றைத் தெருவில் கொண்டுவந்து வைத்ததுதான் இன்று நாம் காணும் அலையின் தொடக்கம். கைத்தொலைபேசிச் செயலியில் பூட்டைத் திறந்து, நிமிடக் கணக்கில் கட்டணம் செலுத்தி, போக வேண்டிய இடத்துக்குப் போனதும் வண்டியை அங்கேயே விட்டுவிட்டுச் செல்லலாம். அடுத்தவர் அதை அங்கிருந்து எடுப்பார். பஸ்ஸுக்கு நிறுத்தம் இருக்கிறது, ஓட்டோவுக்குத் தரிப்பிடம் இருக்கிறது, சைக்கிளுக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். இந்த வண்டிக்கு இம்மூன்றும் இல்லை. இந்தச் சேவையின் வசதியும் அதன் மீதான வெறுப்பும் இந்த ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

அந்த வெறுப்பு வளர்ந்த முறையையும் கவனிக்க வேண்டும். 2018இன் வசந்த காலத்தில் சான் பிரான்சிஸ்கோ மக்கள் ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தபோது நடைபாதைகளில் ஸ்கூட்டர்கள் நின்றன. நகர நிர்வாகத்திடம் அனுமதி பெற்றிருக்கவில்லை, மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. சில வாரங்களில் எதிர்ப்புக் கிளம்பி, அனுமதி முறை வரும்வரை எல்லா வண்டிகளையும் அகற்றுமாறு நகரம் உத்தரவிட்டது. பின்னர் விதிமுறைகளோடு குறைந்த எண்ணிக்கையில் அவை திரும்பி வந்தன. ஆனாலும் முதல் நாளில் பட்ட மனத்தாங்கல் நீண்ட நாள் நீடித்தது. நம் ஊரில் வீட்டு வேலி ஓரத்தில் யாரோ கேட்காமல் ஒரு மூடை சீமெந்தை இறக்கிவைத்துவிட்டுப் போனால், அந்தச் சீமெந்தின் தரத்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். கேட்காமல் வைத்ததைப் பற்றித்தான் பேசுவார்கள்.

இனி மட்டக்களப்புக்கு வருவோம். இவ்வூரின் நிலம் மேடு பள்ளமில்லாதது. சைக்கிள் ஓட்டுவதற்கு இதைவிட ஏற்ற நிலம் இலங்கையில் அதிகமில்லை. வாவியாலும் கடலாலும் துண்டுதுண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் எல்லாப் போக்குவரத்தும் சில பாலங்களின் வழியாகவே போக வேண்டியிருக்கிறது. 1924இல் திறக்கப்பட்ட கல்லடி லேடி மன்னிங் பாலத்தில் ஒரு பக்கத்து வாகனங்கள் காத்துநிற்க மறுபக்கத்து வாகனங்கள் வந்த காலத்தை நாற்பது வயதைத் தாண்டிய எல்லோரும் அறிவார்கள். 2013 மார்ச்சில் பக்கத்தில் புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னர்தான் அந்த நெருக்கடி தளர்ந்தது. புளியந்தீவில் வேலை, கல்லடியில் வீடு, கோட்டைமுனையில் கடை, போதனா வைத்தியசாலையில் நோயாளி என்று ஒரே நாளில் இரண்டு மூன்று கிலோமீற்றர் தூரப் பயணங்களை நாலைந்து தடவை செய்யும் மக்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். குறுந்தூர வாடகை வண்டிக்கு உரிய ஊர் என்று வரைபடத்தைப் பார்ப்பவர் எவரும் சொல்லிவிடுவார்.

வரைபடத்தில் தெரியாதது மணல். நாவலடிப் பக்கத்து ஒழுங்கைகளிலும் கடற்கரைக்குச் செல்லும் குறுக்கு வீதிகளிலும் காற்று கொண்டுவந்து போடும் மணல் தார்வீதியின் ஓரங்களில் விரல் தடிப்புக்குப் படிந்து கிடக்கும். ஸ்கூட்டியின் பெரிய சக்கரமே அதில் வழுக்கும். நின்றுகொண்டு ஓட்டும் வண்டியின் சக்கரமோ ஒரு சாப்பாட்டுக் கோப்பையை விடச் சிறியது. நவம்பரில் வடகீழ்ப் பருவமழை தொடங்கிவிட்டால் தை மாதம் வரை பல வீதிகளில் குழி எங்கே, வீதி எங்கே என்று தண்ணீருக்குள் தெரியாது. அது மட்டுமன்றி, இங்கே ஒருவர் தனியாகப் பயணம் செய்வது குறைவு. காலை ஏழு மணிக்குத் திருமலை வீதியில் நின்று பார்த்தால், ஸ்கூட்டியின் முன்பக்கத்தில் சின்னவன் நிற்க, பின்னால் மூத்தவள் புத்தகப் பையோடு அமர்ந்திருக்க, கால் வைக்கும் இடத்தில் சாப்பாட்டுக் கூடையை வைத்துக்கொண்டு ஓட்டிச் செல்லும் தாய்மாரைக் காணலாம். நின்று ஓட்டும் வண்டியில் அந்தச் சின்னவனுக்கும் இடமில்லை, கூடைக்கும் இடமில்லை. சேலை, அபாயா போன்ற உடைகளுக்கும் அது உகந்ததல்ல. ஆகவே இங்கே பேச வேண்டிய வண்டி அமர்ந்து ஓட்டும் சிறிய மின்வண்டிதான் என்பது என் கருத்து. பெங்களூரில் சில ஆண்டுகளாக வாடகைக்கு ஓடும் யூலு நிறுவனத்தின் மின்வண்டிகள் அமர்ந்து ஓட்டுவனவாகவும் மணிக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் போகாதனவாகவும் அமைந்திருப்பது இதற்கு அருகிலுள்ள நல்ல முன்மாதிரி.

இந்தச் சேவைக்கு ஆதரவு எங்கிருந்து வரும் என்று யோசித்தால் 2022ஆம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. 2021 டிசம்பரில் 177 ரூபாய்க்கு விற்ற 92 ஒக்டேன் பெற்றோல் 2022 ஜூன் இறுதியில் 470 ரூபாய்க்கு உயர்ந்தது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பிறகு எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றரும் முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றரும்தான் முதலில் ஒதுக்கப்பட்டன. எங்கள் அயலில் பிரசவ வலி கண்ட பெண்ணொருத்தியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக, மூன்று மோட்டார் சைக்கிள்களின் தாங்கிகளிலிருந்து பெற்றோலை வடித்து ஒரு ஓட்டோவுக்கு ஊற்றிய இரவை நான் மறக்கவில்லை. அந்த ஆண்டைக் கடந்து வந்த மக்களிடம் பெற்றோல் தேவைப்படாத வண்டி என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்கிறார்கள். அதே மக்கள் அதே ஆண்டில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டையும் அனுபவித்தவர்கள். ஆகவே “கரண்ட் இல்லாட்டி என்ன செய்யிற?” என்பதும் அதே மூச்சில் வருகிறது. பற்றரிகளை மையமொன்றில் மின்னேற்றி மாற்றிக்கொள்ளும் முறையில் சில மணி நேர மின்வெட்டைச் சமாளிக்கலாம். நீண்ட மின்வெட்டுக்கு அதனிடமும் விடையில்லை. இதை மறைக்காமல் சொன்னால்தான் மக்கள் ஏனையவற்றையும் நம்புவார்கள்.

சூழலுக்கு நல்லது என்ற வாதத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. 2019இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வாடகை ஸ்கூட்டரொன்றின் வாழ்நாள் முழுவதையும் கணக்கெடுத்துப் பார்த்தபோது, அது உண்டாக்கும் பசுமைக்குடில் வாயுக்களில் பாதியளவு மூலப்பொருட்களாலும் உற்பத்தியாலும், 43 சதவீதமளவு இரவிரவாக வண்டிகளைச் சேகரித்து மின்னேற்றக் கொண்டுபோகும் வாகனங்களாலும் வருவதாகக் கண்டார்கள். ஓடுவதற்கான மின்சாரத்தின் பங்கு மிகச் சிறியது. எனவே வண்டி எத்தனை ஆண்டுகள் உழைக்கிறது என்பதே தீர்மானிக்கும் கணக்கு. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக உப்புக் காற்றிலேயே வாழும் ஊர் நம்முடையது. கல்லடியில் வாங்கிய சைக்கிளின் சங்கிலியை வாரத்துக்கொரு தடவை எண்ணெய் போட்டுத் துடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இங்கே பிறந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஓட்டுபவர் எவருக்கும் சொந்தமில்லாத வண்டியை யார் துடைப்பார்?

முச்சக்கரவண்டிச் சாரதிகள் இதை எதிர்ப்பார்கள் என்று எல்லோரும் முன்கூட்டியே முடிவுகட்டி வைத்திருக்கிறார்கள். வைத்தியசாலைக்குப் பக்கத்துத் தரிப்பிடத்தில் வண்டி வைத்திருக்கும் ஒருவரோடு இதைப் பற்றிப் பேசினேன். “நான் வேணாமெண்டு சொல்லல்ல தங்கச்சி,” என்றார். “என்ர லீசிங் முடிய இன்னும் ரெண்டு வருசம் இரிக்கி. ஆஸ்பத்திரியில இரிந்து பஸ் ஸ்ராண்டுக்குப் போற ஆக்கள்தான் எனக்கு அரைவாசி நாள் சம்பளம். அத எடுத்துப்போட்டு, வருத்தக்காரர மட்டும் எனக்கு விட்டா நான் என்ன செய்யிற?” அவர் சொன்னதில் ஒரு துல்லியமான பொருளாதார உண்மை இருக்கிறது. வாடகை ஸ்கூட்டர் பறிப்பது இளைஞர்களின் குறுந்தூரப் பயணங்களைத்தான். முதியவர், நோயாளி, பொதியோடு வருபவர் ஆகியோர் ஓட்டோவிலேயே தங்கிவிடுவார்கள். குறுந்தூரப் பயணங்களின் வருமானம் போய்விட்டால், சாரதி உயிர்வாழ்வதற்கு அந்த முதியவரிடம்தான் கூடுதலாகக் கேட்க வேண்டிவரும். ஸ்கூட்டரில் ஒருபோதும் ஏறாத ஒரு பாட்டி ஸ்கூட்டருக்கான விலையைக் கொடுக்கும் நிலை இப்படித்தான் உருவாகும். கருத்துக் கணிப்பொன்றில் “இச்சேவையைப் பயன்படுத்துவீர்களா?” என்று மட்டும் கேட்டால் அந்தப் பாட்டியின் பெயர் எந்தப் பக்கத்திலும் வராது.

யாரிடம் கேட்பது என்ற பிரச்சினை இங்குதான் தொடங்குகிறது. இணையப் படிவமொன்றை அனுப்பிக் கேட்டால் பதினெட்டிலிருந்து முப்பது வயது வரையானவர்களின் விருப்பம் கிடைக்கும். வட்டாரத்தில் கூட்டம் போட்டுக் கேட்டால் முன்வரிசையில் இருக்கும் ஆண்களின் குரல் கிடைக்கும். பின்வரிசையில் இருக்கும் பெண்கள் வீடு திரும்பும் வழியில்தான் தங்கள் கருத்தைச் சொல்வார்கள். மாலை ஆறரை மணிக்குத் தனியார் வகுப்பு முடிந்து வரும் மாணவிக்கு, இருட்டிய ஒழுங்கையில் நடப்பதைவிட ஒரு வண்டி கிடைப்பது பெரிய பாதுகாப்பு. அவளுடைய தாய்க்கோ, முன்பின் தெரியாத யாரோ ஓட்டிவிட்டுப் போன வண்டியின் பிரேக்கை நம்புவது பெரிய அச்சம். இரண்டும் நியாயம். மாதர் சங்கக் கூட்டத்தில் தனியாகக் கேட்டால் இவ்விரண்டும் வெளிவரும், பொதுக்கூட்டத்தில் வராது. கட்டணம் செலுத்தும் முறையும் ஒருவகையில் யாருடைய கருத்தை மதிக்கிறோம் என்பதைக் காட்டும் விடயமே: வங்கி அட்டை இருந்தால்தான் வண்டி திறக்கும் என்றால், கூலிவேலைக்குப் போகும் பெண்ணுக்கு அது தெருவில் நிற்கும் வெறும் இடைஞ்சல்; சந்தியில் உள்ள ரீலோட் கடையில் காசைக் கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம் என்றால் அது அவளுக்கும் உரிய வண்டி.

இதைவிட நுட்பமான ஒன்று எல்லை. கல்லடிப் பாலத்திலிருந்து கல்முனை வீதியில் தெற்கே போனால், சில கிலோமீற்றருக்குள்ளேயே மட்டக்களப்பு மாநகர சபையின் எல்லை முடிந்து காத்தான்குடி நகர சபையும், அதைத் தாண்டியவுடன் ஆரையம்பதியில் மண்முனைப்பற்றுப் பிரதேச சபையும் வந்துவிடும். வீதியோ தேசிய நெடுஞ்சாலை. அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. இத்தகைய வண்டிகள் செயற்கைக்கோள் மூலம் தங்கள் இடத்தை அறிந்து, அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டினால் வேகம் குறைந்து நின்றுவிடுமாறு அமைக்கப்படுகின்றன. மாநகர சபை மட்டும் ஒப்பந்தம் செய்தால், காத்தான்குடிக்குச் சாமான் வாங்கப் போகும் நாவற்குடா வாசியின் வண்டியும், வேலை முடிந்து வீடு திரும்பும் காத்தான்குடி இளைஞரின் வண்டியும் அந்த எல்லையிலே நின்றுவிடும். தொழில்நுட்பவியலாளர் ஒருவருக்கு அது வெறும் கோடு. தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்ந்து, அந்த எல்லையில் எத்தனையோ துயரங்களைக் கண்டு, அவற்றைக் கடந்து ஒருவர் கடையில் ஒருவர் வாங்கிக்கொண்டு வாழும் மக்களுக்கு அது வெறும் கோடாக இருக்காது. மூன்று சபைகளும் ஒன்றாக அமர்ந்து பேசாமல் இந்தச் சேவையைத் தொடங்கவே கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்த பிறகு 2025 மே 6ஆம் திகதித் தேர்தல் வரை, மக்கள் தெரிவுசெய்த உறுப்பினர் எவரும் இல்லாமலே நம் சபைகள் இயங்கின. இப்போது கேட்பதற்கு உறுப்பினர்கள் இருக்கிறார்கள், கேட்கலாம்.

மக்கள் கருத்து ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. ஸ்டொக்ஹோம் நகரில் மைய நகருக்குள் நுழையும் வாகனங்களுக்குக் கட்டணம் விதிக்கும் திட்டத்தை மக்கள் முதலில் பலமாக எதிர்த்தார்கள். 2006இல் ஜனவரி முதல் ஜூலை வரை அதைப் பரீட்சார்த்தமாக நடத்திக் காட்டிய பிறகு, செப்டெம்பரில் வாக்கெடுப்பு வைத்தபோது நகர மக்களில் சிறு பெரும்பான்மையினர் ஆதரித்தார்கள். வாடகை ஸ்கூட்டரின் கதை பெரும்பாலும் இதற்கு நேரெதிர்: மெல்பேர்ண் நகரில் 2022 பெப்ரவரியில் வரவேற்புடன் தொடங்கிய பரீட்சார்த்த சேவை, நடைபாதையில் ஓட்டுவது, கண்ட இடத்தில் விடுவது பற்றிய முறைப்பாடுகள் குவிந்து, 2024 ஓகஸ்ட்டில் நகரசபைத் தீர்மானத்தால் முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு மட்ரிட் நகரமும் அனுமதிகளை இரத்துச் செய்தது. ஆனால் இரண்டுக்கும் நடுவிலும் வழி இருக்கிறது. 2021இல் ஒஸ்லோ மொத்த எண்ணிக்கையை 8,000ஆகக் குறைத்து, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை வாடகைக்கு விடுவதை நிறுத்தியது. கொப்பன்ஹேகன் முதலில் அவற்றைத் தெருக்களிலிருந்து நீக்கி, ஓராண்டுக்குப் பிறகு, நகரின் உள்மையத்தில் நிறுத்தக்கூடாது என்ற நிபந்தனையுடன் மீண்டும் அனுமதித்தது. இந்த நகரங்கள் எல்லாவற்றிலும் கடைசியில் பேச்சு வந்து நின்ற இடம் ஒன்றுதான்: ஓடி முடித்த வண்டி எங்கே நிற்கும்?

எங்கள் மாமி ஒருவருக்கு எழுபது வயதாகிறது. பாரிஸ் வாக்கெடுப்பையும் பெங்களூர் வண்டிகளையும் ஒரு மாலை முழுவதும் அவருக்கு விளக்கிவிட்டு, உங்கள் கருத்து என்ன என்று கேட்டேன். “அது நிக்கிற இடத்த முதல்ல சொல்லு மகள். பிறகு நல்லதா கெட்டதா எண்டு நான் சொல்லுறன்,” என்றார். ஐரோப்பிய நகரசபைகள் பல ஆண்டுகள் செலவிட்டு வந்தடைந்த கேள்வி அவருக்கு உடனே கிடைத்தது, ஏனென்றால் அவர் ஒவ்வொரு நாளும் நடப்பவர். நம் நகர நடைபாதைகளில் ஏற்கனவே கடைச் சாமான்கள், மோட்டார் சைக்கிள்கள், விளம்பரப் பலகைகள் எல்லாம் நிற்கின்றன. இந்த ஊரில் போரிலே காலை இழந்து செயற்கைக் காலோடு நடப்பவர்கள் இருக்கிறார்கள்; சக்கர நாற்காலியில் வருபவர்கள் இருக்கிறார்கள்; கண்பார்வை இல்லாதவர்கள் இருக்கிறார்கள். நடைபாதையை விட்டு வீதியில் இறங்கிச் சுற்றி ஏறுவது மற்றவர்களுக்கு இரண்டு அடி. அவர்களுக்கு அது பஸ்ஸின் முன்னால் இறங்குவது.

ஆகவே கருத்துக் கணிப்புப் படிவத்தை அச்சிடுவதற்கு முன்பு செய்யக்கூடிய ஒரு சிறிய வேலையை மாநகர சபைக்கு முன்மொழிகிறேன். செலவு ஒரு மூடை சுண்ணாம்பு. மணிக்கூட்டுக் கோபுரத்தடி, பஸ் நிலையம், போதனா வைத்தியசாலை வாசல், கல்லடிப் பாலத்தின் இரண்டு தலைப்புகள் ஆகிய ஐந்து இடங்களில், ஸ்கூட்டர் நிறுத்தும் இடமென்று நினைக்கும் அளவில் நிலத்தில் கட்டங்கள் கீறி, ஒவ்வொன்றிலும் பத்துப் பழைய சைக்கிள்களை இரண்டு வாரங்களுக்கு நிறுத்திவைக்க வேண்டும். அதில் ஒரு வாரமாவது மழை வாரமாக இருக்க வேண்டும். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் ஒருவர் அங்கே நின்று, அந்தக் கட்டத்தைக் கடக்கும்போது யார் யார் வீதியில் இறங்குகிறார்கள் என்று எழுத வேண்டும். கேள்விகளோடு முதலில் போக வேண்டியது அவர்களிடம்தான்.